2147483647 பகா எண்ணாக இருப்பதற்குக் கணினியா காரணம்?

கேட்டவர் விளையாடிக்கொண்டிருந்த கணினி விளையாட்டில் மதிப்பெண் 2147483647-ஐத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டதாம். என்ன எண் இது என்று தேடிப் பார்த்தவருக்கு, அது ஒரு பகா எண் என்ற தகவல் கிடைத்திருக்கிறது. கணினியின் எல்லையாக வேண்டுமென்றே ஒரு பகா எண்ணை வைத்தார்களா என்று கேட்கிறார். 214 கோடியைத் தாண்டிய எண்ணை 1-ம் அந்த எண்ணும் தவிர வேறெதுவும் வகுக்காது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான் என்று நினைக்கிறேன்: இது தற்செயலா, காரணம் உள்ளதா? எண் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன், கூடவே நிரல் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாதி தற்செயல், பாதி காரணம்.

கணினிப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் ஏற்கும் ஓர் இரும இலக்கம்) கொண்ட ஓர் இடத்தில் குறைக்குறி உள்ள எண்களையும் வைக்கவேண்டும் என்றால், ஒரு பிட் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டுகளும் 1 ஆக இருக்கும்போது வருவதுதான் மிகப் பெரிய எண். அதன் மதிப்பு 2³¹ − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. யாரும் இதைத் தேடிப்பிடித்து வைக்கவில்லை. 32 என்ற அளவை முடிவுசெய்த அன்றே எல்லையும் தானாக முடிவாகிவிட்டது. அதே முறையில் 8 பிட்டுக்கு எல்லை 127. அது பகா எண். 16 பிட்டுக்கு 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு 9223372036854775807. அதை 7 வகுக்கும், ஒருமுறை அல்ல, இருமுறை. 128 பிட்டுக்கு வருகிற 2¹²⁷ − 1 மறுபடியும் பகா எண். கணினிக்குப் பகா எண்ணின்மீது தனிப் பாசம் எதுவும் இல்லை என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

ஆனால் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் உண்டு. அடுக்கைப் பாருங்கள்: 7, 15, 31, 63, 127. இவற்றில் 15-உம் 63-உம் பகு எண்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவதும் பகு எண்ணாகத்தான் இருக்கும். 15 என்பது 3 × 5 என்பதால், 2³ − 1 ஆகிய 7-உம் 2⁵ − 1 ஆகிய 31-உம் 32767-ஐ வகுத்தே தீரும். இதைத் தாளில் பார்ப்பது எளிது: பதினைந்து ஒன்றுகளை இரும முறையில் வரிசையாக எழுதி மும்மூன்றாகப் பிரித்தால் ஒரே மாதிரி ஐந்து கட்டுகள் கிடைக்கும், ஒவ்வொரு கட்டும் 7. முப்பத்தொரு ஒன்றுகளை அப்படிச் சமமாகக் கட்ட வழியில்லை. எனவே, 31 பகா எண்ணாக இருப்பது 2³¹ − 1 பகா எண்ணாவதற்கு ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது. வாய்ப்பு மட்டுமே, உத்தரவாதம் அல்ல. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23 × 89.

அந்த உத்தரவாதம் இல்லாமைதான் பலரைக் கவிழ்த்தது. 1603-இல் இத்தாலியக் கணிதவியலர் கட்டால்டி, 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரியாகச் சோதித்து முடித்த உற்சாகத்தில் 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்ணைத் தரும் என்று எழுதினார். 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் ஃபெர்மா உடைத்தார். 2²³ − 1-ஐ 47 வகுக்கிறது, 2³⁷ − 1-ஐ 223 வகுக்கிறது. 29-ஐ ஆய்லர் 1738-இல் உடைத்தார், வகுத்தது 233. நான்கில் தப்பித்தது 31 மட்டும்தான். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலால்தான் இவ்வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர் நின்றது. ஆனால் அதிலும் பிழைகள் உண்டு: 67, 257 இரண்டும் தவறாக உள்ளே வந்தன, 61, 89, 107 மூன்றும் விடுபட்டன. ஆக, 31 பட்டியலில் இருந்தது என்பதை ஒரு நிரூபணமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அது ஊகம், சரியாகப் போன ஊகம்.

நிரூபணம் 1772-இல் வந்தது, செய்தவர் ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. கணினி கிடையாது, கணிப்பான் கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஏதாவது ஒரு பகாக் காரணி இருந்தாகவேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது முடியாத காரியம் அல்ல. பொறுமையைச் சோதிக்கும் காரியம். ஆய்லர் செய்தது, வகுப்பதற்கு முன்பே பெரும்பாலானவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

2³¹ − 1-ஐ வகுக்கிற ஒரு பகா எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 'க' என்று பெயர். அப்படியானால் 2³¹-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. 2-ஐ அடுக்கிக்கொண்டே போகும்போது மீதி முதன்முதலாக 1 ஆவது எத்தனையாவது அடுக்கில்? அந்த அடுக்கு 31-ஐ வகுக்கவேண்டும். 31 பகா எண் என்பதால் அது 31 ஆகவே இருக்கவேண்டும். மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி 2-இன் (க − 1)-ஆம் அடுக்கும் மீதி 1 தரும். எனவே க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படை. ஆக அது 62-இன் மடங்கு. ஒரே வீச்சில், 62-ஆல் வகுத்தால் மீதி 1 வராத எல்லாம் வெளியே போய்விட்டன.

இன்னொரு வடிகட்டியும் உண்டு, எனக்குப் பிடித்தது இதுதான். 2³¹-இன் மீதி 1 என்றால், இருபுறமும் 2-ஆல் பெருக்க, 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது க-ஐப் பொறுத்தவரை 2 என்பது ஒரு வர்க்க எண்! எந்தப் பகா எண்களுக்கு 2 வர்க்கமாக நடந்துகொள்ளும் என்பது தெரிந்த செய்தி: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருபவற்றுக்கு மட்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால், க-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக இருக்கவேண்டும். வேறு வழியே கிடையாது. 46340 வரை அப்படிப்பட்ட எண்களை எண்ணினால், 1-ஐயும் 63-ஐயும் தவிர, ஒவ்வொரு வகையிலும் 186, மொத்தம் 372. அவற்றிலும் பகு எண்களை விட்டுவிடலாம். முதல் பத்தை எழுதிப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இந்தப் பத்தில் பகா எண்கள் 311-உம் 1303-உம் மட்டுமே. இந்த விகிதத்தில் போனால், பொறுமையுள்ள ஒருவர் சில நாள்களில் முடித்துவிடக்கூடிய வேலைதான்.

311-ஐ எடுத்து ஒருமுறை செய்து காட்டுகிறேன். பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்கத் தேவையில்லை. 2⁸ = 256; 311-ஐக் கழித்தால் −55. அதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶-க்கு 3025. 311-இன் மடங்குகளைத் தள்ளினால் 226, அதாவது −85. இரண்டையும் பெருக்கினால் 2²⁴-க்கு 4675; 311 × 15 = 4665, மீதி 10. இன்னும் ஏழு அடுக்கு வேண்டும்: 10 × 128 = 1280, 311 × 4 = 1244, மீதி 36. ஆக 2³¹ − 1-இன் மீதி 35. பூச்சியம் இல்லை, எனவே 311 வகுக்காது. நான்கு வரிக் கணக்கு. இதைத் தகுதியுள்ள ஒவ்வொரு பகா எண்ணுக்கும் செய்து, ஒன்றுக்குக்கூட மீதி பூச்சியம் ஆகவில்லை என்று காட்டிவிட்டால் நிரூபணம் முடிந்தது. ‘பெரும்பாலும் பகா எண்’ என்ற இழுவை இதில் இல்லை, முழு உறுதி.

வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி விழும் ஒரு குழியையும் இங்கே சொல்லவேண்டும். ஃபெர்மாவின் தேற்றத்தையே சோதனையாக வைத்து, 2-ஐ அடிமானமாக எடுத்து, 'மீதி 1 வந்துவிட்டது, ஆகவே பகா எண்' என்று முடிப்பார்கள். மெர்சென் வடிவ எண்களுக்கு அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், அந்த எண் பகு எண்ணாகவே இருந்தாலும் 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் தேறிவிடும். 2047 தேறும், ஆனால் அது 23 × 89 என்று மேலே பார்த்தோம். சரியான சோதனை, கணிதவியலர் லூக்காஸ் கண்டு, பின்னால் வந்த இன்னொரு கணிதவியலர் லேமர் செம்மைப்படுத்தியது. 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்து அத்தனை முறை செய்தபின் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். சிறிய உதாரணம் 31, அதாவது 2⁵ − 1: 4, பிறகு 14, பிறகு 194, அதன் மீதி 8, பிறகு 62, மீதி 0. மூன்று முறையில் முடிந்தது. 2³¹ − 1-க்கு 29 முறை. இன்றைய கைப்பேசிக்கு இது கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. 1876-இல் லூக்காஸ் இந்த வழியில்தான் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், அதுவும் கையால்.

பகா எண் என்பதோடு இதன் கதை முடிவதில்லை. இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 வரும். இந்த எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால், திரும்ப அதே எண் கிடைக்கும். 6 = 1 + 2 + 3 என்பது போல. இத்தகைய முழுமை எண்களில் இது எட்டாவது. 1811-இல் ஆங்கிலேயர் பார்லோ, இதைவிடப் பெரிய முழுமை எண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை வெறும் வேடிக்கைதானே தவிரப் பயனில்லாதவை, எனவே யாரும் முயலவும் மாட்டார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். பாவம், ஆரூடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்று 52 முழுமை எண்கள் தெரியும்.

பயன் என்று வந்தால், இந்த எண் எனக்கு நேரடியாகச் சோறு போட்டிருக்கிறது. 2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதால், எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதன் இரும வடிவத்தை 31 இலக்கத் துண்டுகளாக வெட்டிக் கூட்டினாலே மீதி கிடைத்துவிடும். 9-ஆல் வகுத்த மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே உத்திதான். இன்னும் அழகானது: இந்த மீதிக் கணக்கில் 2-ஆல் பெருக்குவது என்றால் 31 பிட்டுகளையும் ஓர் இடம் சுழற்றுவது, அவ்வளவுதான். இடது ஓரத்தில் விழுவது வலது ஓரத்தில் வந்து ஏறிக்கொள்ளும். 31 முறை சுழற்றினால் பழைய நிலை. ஆகவே 2-ஐ அடுக்கினால் 31 வெவ்வேறு மீதிகள்தான் கிடைக்கும். 7-ஐ அடுக்கிப் பாருங்கள், கதையே வேறு: 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் அது 1-க்குத் திரும்பும். 7⁵ ஆகிய 16807-க்கும் இதே குணம் உண்டு. 2147483646-ஐக் காரணிப்படுத்தினால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 5 இல்லை என்பதுதான் காரணம். இப்படி எல்லாவற்றையும் தொடும் எண்கள் எத்தனை என்று எண்ணினால் சரியாக 53 கோடியே 46 லட்சம். இவ்வளவு கரடுமுரடான எண்ணிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக ஐந்து பூச்சியங்களோடு விடை வருவது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும்.

இதை வைத்துத்தான் போலி சமவாய்ப்பு எண்களை (கணக்கில் பிறந்தாலும் குலுக்கி எடுத்தவைபோலத் தோன்றும் எண்களை) உருவாக்கும் முறை ஒன்று எழுந்தது. லேமர் 1951 வாக்கில் முன்வைத்தார். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் 16807-ஐப் பெருக்கியாகக் கொண்ட வடிவத்தைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். கையில் இருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பத்தாயிரமாவது முறை 1043618065 வரவேண்டும். நிரலைச் சரிபார்க்க இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவைத்திருந்தேன். ஒருமுறை அந்தச் சீட்டைப் பார்க்காமல் விட்டதன் விளைவு, ஓர் இரவு முழுக்க ஓடிய உருவகப்படுத்தல் காலையில் வெறும் பூச்சியங்களாக நின்றது. தொடக்க எண்ணாக 0 போயிருந்தது. பூச்சியத்தை எதனால் பெருக்கினால் என்ன? தவறு என்னுடையது, எண்ணுடையதல்ல. இந்த முறைக்கென்று வேறு குறைகளும் உண்டு: அடுத்தடுத்த இரண்டு எண்களைப் புள்ளிகளாகக் குறித்தால் அவை இணைகோடுகளில் வரிசைகட்டி நிற்கும். இன்றைக்குத் தீவிரமான வேலை எதற்கும் இதைப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். ரகசியக் குறியாக்கத்துக்கும் அப்படியே. அங்கே நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள பகா எண்கள் வேண்டும், பத்து இலக்கம் காணாது.

இதுவரை சொன்னவை நிரூபிக்கப்பட்டவை. ஊகம் தொடங்கும் இடத்தையும் காட்டிவிடுகிறேன். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்த வடிவத்தில் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா? உண்டு என்றுதான் நான் உட்பட இத்துறையில் இருக்கும் பெரும்பாலோர் நம்புகிறோம். நிரூபணம் யாரிடமும் இல்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பது 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்டது. தெரிந்த மெர்சென் பகா எண்களில் அது 52-ஆவது. அதற்குக் கீழே இன்னொன்று தப்பித்து ஒளிந்திருக்காது என்பது முழுமையாகச் சரிபார்க்கப்படாததால், வரிசையில் 52-ஆவது என்று சொல்லக்கூடாது.

இன்னொரு கவர்ச்சியான ஊகம், அடுக்கின் இடத்தில் மெர்சென் பகா எண்ணையே வைத்தால் மறுபடி பகா எண் வரும் என்பது. 3 தருவது 7, 7 தருவது 127, 31 தருவது நம் 2147483647, 127 தருவது லூக்காஸின் 2¹²⁷ − 1. நான்கும் பலித்தன. ஆனால் சங்கிலியை இன்னும் நீட்டி 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் 64 கோடி இலக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு பூதம் வரும். அது பகா எண் அல்ல. 295257526626031 அதை வகுத்துவிடுகிறது. இந்தக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள்: துல்லியமாக 137490 வரும். மேலே க − 1 என்பது அடுக்கின் மடங்காக இருக்கவேண்டும் என்று பார்த்தோமே, அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது. 64 கோடி இலக்கங்களை யாரும் எழுதி வகுக்கவில்லை. 311-க்கு நாம் செய்தது போலவே அடுக்கை வர்க்கப்படுத்தி வர்க்கப்படுத்தி மீதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நம்பிக்கை வராவிட்டால், பட்டியலில் அடுத்து நிற்கும் 1303-ஐ எடுத்து நீங்களே செய்யுங்கள். 2¹⁰-இன் மீதியை −279 என்று எழுதிக்கொண்டால் கணக்கு லேசாகும். 2³¹ − 1-க்கு மீதி 226 வரவேண்டும்.